அந்த ஒரு மணி நேரம்

சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் பேட்டரியின் கம்பியைச் செருகினான். திருகி, ஒருமுறை இழுத்துப் பார்த்தான். கட்டுப்பாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் அடுத்த கம்பியில் கை வைத்தான். இரண்டையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது. கழற்றினால் மனைவியின் நெஞ்சுக்குள் இருக்கும் பம்ப் நின்றுவிடும்.

கட்டிலில் சாய்ந்தபடி அவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணிக்கு டாக்டரே வந்து நிறுத்தப் போறார். இப்பவும் இழுத்து இழுத்துப் பாக்குறியே, நாலு."

"அஞ்சு மணிக்குத்தானே. இப்ப ரெண்டரை."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க ஒரு நிமிடம் பிடித்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளைத் தூக்கி ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தான். ஒன்றுமே எடை இல்லை. மருந்துக் குழாய் தொங்கும் கம்பத்தை அத்தை பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் மாடி. கீழே ஒரு நாற்சந்தி. அவள் பார்க்கக் கேட்டது அதைத்தான்.

"அந்த வெள்ளைக் காரப் பாரேன். இண்டிகேட்டர் போட்டுட்டு நேரா போறான். யார்கிட்ட கத்துக்கிட்டானோ."

"உங்ககிட்ட இல்ல."

"என்கிட்டன்னா ஸ்டியரிங்கப் பிடுங்கிட்டு எறக்கி விட்டிருப்பேன்."

அது பொய். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள், ஒரு மாணவனின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. வண்டி சாக்கடைப் பக்கம் சாய்ந்தாலும் கைகளை மடியில் வைத்தபடி, "இப்ப வலது பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சரி" என்பாள். அவனும் அப்படிக் கற்றவன்தான். மூன்று முறை தேர்வில் தோற்று, நான்காவது முறை தேறினான். அன்றைக்கு வைத்த பெயர் 'நாலு'. கல்யாணத்துக்குப் பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் அவளை 'நீங்க' என்று கூப்பிட்ட பழக்கம் அவனிடமும் ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர்கள் கேலி செய்து களைத்துவிட்டார்கள்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவளுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது. போகும்போது அவள் இதயத்தைப் பாழாக்கிவிட்டுப் போனது. இதயம் வீங்கி, பழைய பலூன்போல் தொளதொளத்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரைகளில் ஒரு வருடம் ஓடியது. பிறகு இரண்டு படி ஏறினாலே உட்கார வேண்டியிருந்தது. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இனி இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, இறந்த ஒருவரின் இதயம். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, அது வரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு பம்ப். இதயத்தின் நுனியில் அதைப் பொருத்துவார்கள். வயிற்றின் வழியாக ஒரு கம்பி வெளியே வரும். தோளில் தொங்கும் பையில் பேட்டரிகள் இருக்கும்.

அவன் தாளைப் பார்த்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தான். அவள் மூன்று கேள்வி கேட்டாள். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும்? குளிக்கலாமா? வண்டி ஓட்டலாமா?

மூன்றாவது கேள்விக்கு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார்.

எட்டே மாதத்தில் அவள் பயிற்சி வண்டியில் திரும்பவும் உட்கார்ந்தாள். பேட்டரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட் வயிற்றுக் கம்பியை அழுத்தாமலிருக்கச் சின்னத் தலையணை ஒன்றைச் செருகிக்கொண்டு. பம்ப் ரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளாமல் ஒரே சீராகத் தள்ளுவதால் கையில் நாடி தட்டாது. ஒருநாள் பல் பிடுங்கப் போன இடத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து வெளிறிப்போனாள். "தேடாதீங்கம்மா. அத வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்" என்றாள் இவள். அந்தப் பெண் பிறகு இவளிடமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தடவையிலேயே தேறினாள். அதை அவனிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள்.

இப்படி இரண்டரை வருடம்.

"கேட்டியா?" என்றாள் ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சொல்லக் கூடாதாம். யாருக்குப் போச்சு, போச்சா இல்லையா, எதுவும் சொல்லக் கூடாதாம்."

அத்தை பட்டென்று எழுந்தார். "இன்னும் அதேதானா? போனது போயிடுச்சு. வாசல் தேடி வந்தத வேணாம்னு அனுப்பிட்டு, அது யார் வீட்டுக்குப் போச்சுன்னு விசாரணை வேற."

"அம்மா."

"என்ன அம்மா? உலகத்துலயே உண்மை பேசுறதுக்கு நீ ஒருத்திதான் மிச்சமா? கடைசி நேரத்துல வாய மூடிட்டு இருந்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?"

சொல்லிவிட்டு அத்தை, மகளின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டார். பதினோரு நாளாக இப்படித்தான். வாய் திட்டும். கை போர்த்திவிடும்.

பதினோரு நாளைக்கு முன், காலை ஆறரைக்குத் தொலைபேசி வந்தது. மாற்று அறுவைப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் பேசினார். ஓர் இதயம் வருகிறது, பொருந்தும் என்று தெரிகிறது, எதுவும் சாப்பிடாமல் உடனே கிளம்பி வாருங்கள்.

அதற்கு அரை மணி முன்புதான் அவன் அவளுடைய காய்ச்சலைப் பார்த்திருந்தான். நூற்றொன்று புள்ளி இரண்டு. கம்பி வெளியே வரும் இடத்தில் இரண்டு நாளாகவே சிவப்பு. தினமும் எடை, காய்ச்சல், பம்ப்பின் வேகம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுதுபவன் அவன். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எவ்வளவு பெரிய கட்டடக்காரர் வந்து கெஞ்சினாலும் ஓர் அளவைக்கூட மாற்றி எழுதாதவன். தொலைபேசியை வைத்ததும், அவள் எடுத்துக்கொள்ளும் பதினான்கு மாத்திரைகளோடு காய்ச்சல் மாத்திரை ஒன்றையும் கலந்து கொடுத்துவிட்டு, நோட்டில் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு என்று எழுதினான்.

ஒரு மணி நேரப் பயணம். அவன் ஓட்டினான். அவள் பக்கத்தில், நோட்டும் பையும் மடியில். ஒரு திருப்பத்தைக்கூடக் குறை சொல்லாமல் அவள் வந்தது அந்த ஒருநாள்தான்.

அறுவை அரங்குக்கு வெளியே நர்ஸ் காய்ச்சல் பார்த்தபோது மாத்திரை வேலை செய்திருந்தது. டாக்டர் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அவள் பேனாவை வாங்கி, படிவத்தை ஒதுக்கிவிட்டு, நோட்டைத் திறந்தாள். அவன் எழுதியதை ஒரே கோட்டில் அடித்து, மேலே சரியான எண்ணை எழுதினாள்.

"பிரேக் பிடிக்காத வண்டிய நான் டெஸ்ட்டுக்குக் கொண்டு போறதில்ல டாக்டர்."

புது இதயம் வைத்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்க வேண்டும். ரத்தத்தில் கிருமி இருக்கும்போது அடக்கினால், கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மறுநாள் வந்த ரத்தப் பரிசோதனை அவள் சொன்னதைச் சரி என்றது. கிருமி கம்பி வழியே ஏறி, பம்ப்பிலேயே குடியேறியிருந்தது. பம்ப்பை மாற்றலாம், ஆனால் உடம்பு தாங்காது. பிறகு சிறுநீரகங்களும் கைவிட்டன. நேற்று டாக்டர் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு வெச்சிருந்தா அந்த இதயமும் போயிருக்கும், நீங்களும் போயிருப்பீங்க" என்றார். எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்தவள் அவள்தான்.

இப்போது அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

அத்தை தண்ணீர் பிடிக்க வெளியே போனார். அவன் நாற்காலியின் அருகில் தரையில் உட்கார்ந்தான்.

"வாத்தியாரே. ஏன் இதையே கேட்டுட்டு இருக்கீங்க? அது நிச்சயம் யாருக்காவது போயிருக்கும்."

"நிச்சயம்னு உனக்கு எப்படித் தெரியும்? எடுத்தா நாலு மணி நேரம்தான் தாங்கும். அடுத்த ஆளக் கூப்பிடணும், அவங்க வீட்லருந்து வரணும்." மூச்சு வாங்கினாள். "நீ மாத்தி எழுதினத நான் எப்பக் கண்டுபிடிச்சேன் தெரியுமா?"

"டாக்டர் படிவம் நீட்டினப்போ."

"இல்ல. கார்ல. நம்ம தெரு முனை தாண்டறதுக்குள்ள. பைல தெர்மாமீட்டர் இருந்துச்சு. பட்டன அமுத்தினா கடைசியாப் பாத்தது காட்டும்ல? அமுத்தினேன்."

அவன் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு மணி நேரம் தெரிஞ்சே ஒக்காந்திருந்தேன் நாலு. ரோட்டப் பாத்துட்டே வந்தேன். ஒவ்வொரு சிக்னல்லயும் சொல்லிடலாம் சொல்லிடலாம்னு. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. அந்த ஒரு மணி நேரம் என்னோடது இல்ல. வேற யாரோடதோ."

"எழுதினது நான்."

"எழுதினது நீதான். அதுக்கு உன்னத் தனியா ஒரு நாள் திட்டணும்னு வெச்சிருந்தேன். நேரம் பத்தல." அவன் தலையில் கை வைத்தாள். "போய்க் கேளேன். இன்னொரு தடவ."

ஒருங்கிணைப்பாளரின் அறை அதே மாடியின் கோடியில் இருந்தது. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எப்போதும் கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன்கள். கண்டிப்புக்குப் பெயர்போனவர். அவன் உள்ளே போனதும், "சார், காலையிலயே சொல்லிட்டேனே" என்றார்.

"தெரியும் மேடம்."

"உங்களுக்குச் சொன்னா நாளைக்கு அந்தப் பக்கத்துக்காரங்களுக்கும் சொல்லணும். யார் யாரோட வீட்டு வாசல்லயோ போய் நிப்பாங்க. ரூல் சும்மா போடல."

"அன்னைக்குக் காய்ச்சல மாத்தி எழுதினது நான்தான்."

அவர் போன்களை மேசைமேல் வைத்தார். "அது எப்பவோ தெரியும். ரெண்டு கையெழுத்து. கண்ணு தெரியாதா எனக்கு?"

அவன் மீதியைச் சொன்னான். தெர்மாமீட்டர், கார், ஒரு மணி நேரம். சொல்லும்போது அவன் குரல் வேறு யாருடைய வீட்டுச் சங்கதியையோ சொல்வதுபோல் இருந்தது. மண் மாதிரியின் ஈரப்பதத்தை வாசிக்கும் குரல்.

"அவ கேக்குறது ஆளு யாருன்னு இல்ல மேடம். வீணாப் போச்சா, போகலையா. அவ்வளவுதான்."

"அதையும் சொல்லக் கூடாது சார்."

"சரி மேடம்."

அவன் எழுந்தான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏதோ தாளில் கையெழுத்துப் போட ஆரம்பித்திருந்தார்.

திரும்பி வந்தபோது அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "பரவால்ல விடு" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எதையும் 'பரவாயில்லை' என்று விட்டு அவன் பார்த்ததில்லை. வண்டியை ஓர் அங்குலம் கோணலாக நிறுத்தினாலும் திரும்ப எடுக்கச் சொல்பவள்.

நாலேமுக்காலுக்குக் கதவு திறந்தது. ஒருங்கிணைப்பாளர். பின்னால் யாரும் இல்லை.

அவர் நேராகக் கட்டிலுக்கு வந்து, தேவையே இல்லாமல் கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பார்த்தார். கம்பியைச் சரிசெய்தார். போர்வையை நீவிவிட்டார். அவளைப் பார்க்காமல் பேசினார்.

"டாக்டர் வரும்போது கூட இருக்கணும்னு நெனச்சேன். முடியாதும்மா. மேல் மாடிக்குப் போகணும். இன்னைக்கு ஒருத்தர முதல் தடவையா வராண்டாவுல நடக்க வைக்கிறோம்."

மருந்துக் குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நாள் முன்னாடியே நடக்க வெச்சிருக்கணும். பயந்துட்டே இருந்தாங்க. பதினோரு நாளாச்சு, இனியும் படுத்தே இருந்தா எப்படி?"

அவள் கண்ணைத் திறந்தாள்.

அத்தைக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளையா, பொம்பளையா?" என்றார், ஒரு பிரசவ அறையின் வாசலில் நிற்பவர்போல.

"நடக்க வேண்டியவங்கம்மா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் ஒருங்கிணைப்பாளரின் கையைப் பிடித்தாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் அது வகுப்புக் குரல்.

"பின்னாடி திரும்பிப் பாக்க விடாதீங்க மேடம். எவ்வளவு தூரம் வந்தோம்னு பாத்தா பயம் வந்துரும். முன்னாடி பத்தடி. அது போதும்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"அவசரப்படுத்தாதீங்க."

"இல்லம்மா."

ஒருங்கிணைப்பாளர் வெளியே போனார். வராண்டாவில் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் போய் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மறுபடி நடந்தது.

ஐந்து மணிக்கு டாக்டரும் நர்ஸும் வந்தார்கள். என்னென்ன செய்வார்கள் என்பதை டாக்டர் மெதுவாகச் சொன்னார். முதலில் மூச்சுத் திணறாமல் இருக்க மருந்து. தூக்கம் வரும். பிறகு பெட்டியின் எச்சரிக்கை ஒலியை அடக்குவோம், இல்லையென்றால் அலறும். அதன் பிறகுதான் பம்ப். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையசைத்தாள். வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவள்போல.

அத்தை அவள் நெற்றியில் கை வைத்தார். "நான் பேசினத எல்லாம் மனசுல வெச்சுக்காத கண்ணு."

"நீ பேசலன்னாதாம்மா பயந்திருப்பேன்."

பிறகு அவனைப் பார்த்தாள். "நாலு. கார எடுக்கும்போது கண்ணாடியப் பாத்துட்டு எடு. நீ பாக்குற மாதிரி நடிப்ப. எனக்குத் தெரியும்."

"பாத்துட்டு எடுக்கறேன் வாத்தியாரே."

மருந்து ஏறியது. அவள் இமைகள் இறங்கின. நர்ஸ் பெட்டியில் ஏதோ செய்தார். டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

ஒலி எதுவும் வரவில்லை. நின்றது என்பதே தெரியவில்லை. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

சற்றுக் கழித்து விரலுக்கடியில் ஏதோ தட்டியது.

அவன் நிமிர்ந்தான். "டாக்டர், இங்க..."

டாக்டர் விரல் வைத்துப் பார்த்தார். "அது பம்ப் இல்ல. அவங்களோட சொந்த இதயம். கொஞ்ச நேரம் தனியா அடிக்கும்."

இரண்டரை வருடமாக ஓரமாக உட்கார வைக்கப்பட்டிருந்த இதயம். மெல்லியதாக, ஒழுங்கில்லாமல், புதிதாக ஓட்டக் கற்பவர் கிளட்சை விடுவதுபோல் விட்டுவிட்டுத் தட்டியது. அவன் எண்ணினான். இருநூறுக்கு மேல் எண்ணினான். இருநூற்றுப் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. பதினெட்டு வந்தது. பத்தொன்பது வரவில்லை. அவன் விரலை எடுக்காமல் காத்திருந்தான்.

"மாப்ள," என்றார் அத்தை வெகுநேரம் கழித்து. "கைய விடுங்க. பிடிச்ச எடத்துல தடம் விழுந்துருச்சு."

தாள்களில் கையெழுத்துப் போடும் இடமெல்லாம் நர்ஸ் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார். அவன் எல்லாப் புள்ளிகளிலும் போட்டான். உறவு என்ற இடத்தில் 'கணவன்' என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லைச் சிறிது நேரம் பார்த்தான். கீழே அலுவலகத்தில் ஒரு முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். அத்தை அறையிலேயே இருந்துகொண்டார். மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தார்.

லிஃப்டுக்குள் போய்க் கீழ்த்தளத்துக்கான பட்டனை அழுத்தினான். அதற்குள் மேலிருந்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். லிஃப்ட் கீழே போகாமல் மேலே ஏறியது. நான்காம் மாடியில் கதவு திறந்தது. கூப்பிட்டவர் யாரும் அங்கே இல்லை. படியில் இறங்கிப் போயிருப்பார்.

எதிரே நீளமான வராண்டா. சாயங்கால வெயில் ஜன்னல்கள் வழியே தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கைப்பிடிக் கம்பியை ஒட்டி, நடக்கிறவர் களைத்தால் உட்கார ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அது காலியாக இருந்தது. நீலச் சீருடை போட்ட ஆள் ஒருவர் வந்து, அதைத் தூக்கி, வராண்டாவின் மறுகோடியைப் பார்த்து ஏதோ கேட்டார். அங்கிருந்து பதில் வந்தது. என்ன என்று காதில் விழவில்லை.

அவர் நாற்காலியை இன்னும் பத்தடி தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார்.

லிஃப்டின் கதவு மூடத் தொடங்கியது. அவன் கையை நீட்டித் தடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.